கேரள நூலக இயக்கமும் முதியோர் எழுத்தறிவும்

கேரளத்தில் ஊர்மக்களே இடமும் பணமும் திரட்டித் தொடங்கிய வாசகசாலைகள், பள்ளிக்கூடம் போகாத பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் வேலையையும் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டன. 1945-இல் 47 நூலகங்களின் சங்கமாக உருப்பெற்ற இந்த முயற்சியின் விளைச்சலை, 1991-இல் மாநிலம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது உலகம் கண்டது. அந்த வெற்றியைக் கடைசி இரண்டாண்டு அரசு இயக்கத்தின் கணக்கில் மட்டும் வரவு வைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் கற்றுக்கொடுக்க முன்வந்த இளைஞர்களும், கற்றவர்கள் அதன் பிறகு போய்ப் படிக்க ஓர் இடமும், அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் உருவானவை.

முன்கதை

திருவிதாங்கூரில் கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817-இலேயே ஆணையிட்டார். திருவனந்தபுரத்துப் பொது நூலகம் 1829-இல் சுவாதித் திருநாள் காலத்தில் தோன்றியது. இவற்றை முன்வைத்துக் கேரளத்தின் படிப்புக்கு அரண்மனையே காரணம் என்பார் உண்டு. அந்தப் பள்ளிகளின் வாசலில் புலையர், பறையர் குழந்தைகளை நிற்கக்கூட விடவில்லை என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்ல வேண்டும். பள்ளியில் இடம் கேட்டுப் புலையர் தலைவர் அய்யன்காளி 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கம் கண்டார். அதற்கு நான்காண்டு முன்பு, 1903-இல், நாராயண குருவைத் தலைவராகக் கொண்டு ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் அமைந்தது. பிற்கால முதியோர் வகுப்புகளில் வந்து உட்கார்ந்தவர்களில் பலர் இப்படி வாசலில் தடுக்கப்பட்டவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். மீனவர் குப்பங்களும் வயநாடு, அட்டப்பாடிப் பழங்குடி ஊர்களும் அதே வரிசையில் அடங்கும்.

வடக்கே மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே 1930-களில் காங்கிரஸ்காரர்களும் சோஷலிஸ்டுகளும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் வாசகசாலைகளையும் இரவுப் பள்ளிகளையும் அருகருகே நடத்தினார்கள். ஓலைக்கூரை, ஒரு பெஞ்சு, ஒரு விளக்கு, ஒரு செய்தித்தாள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு வாக்குவாதம் நடக்கும். கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கம்பெனிகளில் இதற்கென ஓர் ஏற்பாடே இருந்தது. ஒரு தொழிலாளி செய்தித்தாளும் புத்தகமும் படித்துக்காட்ட, அவர் அந்த நேரத்தில் சுற்றியிருக்க வேண்டிய பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். எழுத்து தெரியாதவரும் செய்தி தெரிந்தவராக இருக்க முடிந்தது அப்படித்தான். எழுத்து கற்கும் ஆசைக்கு இதைவிட நல்ல தூண்டுதலை எந்தப் பாடநூலும் தந்ததில்லை.

பணிக்கரும் கிரந்தசாலா சங்கமும்

புதுவாயில் நாராயண பணிக்கர் (1909–1995) நீலம்பேரூரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். 1926-இல், பதினேழு வயதில், சொந்த ஊரில் சனாதன தர்மம் என்ற பெயரில் ஒரு நூலகத்தைத் தொடங்கினார். அவருடைய திறமை ஒரு நூலகத்தை நன்றாக நடத்தியதில் இல்லை. தனித்தனியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நூலகங்களை ஒரு கூட்டுக்குள் கொண்டுவந்ததில்தான் இருந்தது. 1945 செப்டம்பர் 14 அன்று அம்பலப்புழை பி. கே. நினைவு நூலகத்தில் 47 நூலகங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் தொடங்கிவைத்தார். மக்கள் கூடுவதையே சந்தேகத்தோடு பார்த்த ஒரு திவானைக் கொண்டே மக்கள் சங்கம் ஒன்றைத் திறக்கவைத்தது பணிக்கரின் சாமர்த்தியம் என்றே கொள்ளலாம். அப்போது பெயர் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம். 1956-இல் மாநிலம் உருவான பிறகு அது கேரள கிரந்தசாலா சங்கம் ஆனது. செப்டம்பர் 14 இன்றும் அங்கே நூலக நாள்.

'வாசித்து வளருங்கள்' என்பது சங்கத்தின் முழக்கம். ஆனால் ஊர் ஊராகப் போனபோது ஒரு முட்டுக்கட்டை தெரிந்தது. வாசிக்கத் தெரியாதவரிடம் வாசிக்கச் சொல்லி என்ன பயன்? நூலகத்தின் உறுப்பினர் பட்டியல் ஊரில் படித்தவர்களின் எண்ணிக்கையைத் தாண்ட முடியாது. எனவே சங்கம் எழுத்தறிவு வகுப்புகளை நூலகத்தின் வேலைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. மாலையில் வாசகசாலையின் ஒரு மூலை வகுப்பாக மாறும். உறுப்பினர்களில் ஒருவர் ஆசிரியர். கூலி கிடையாது. 1970-களின் தொடக்கத்தில் பணிக்கரும் தோழர்களும் மாநிலத்தின் நீளவாக்கில் நடைப்பயணம் போனார்கள். நூலகம், எழுத்தறிவு இரண்டையும் ஒரே மூச்சில் பேசினார்கள். 1975-இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது சங்கத்துக்குக் கிடைத்தது. லெனினின் மனைவியும் கல்வியாளருமான நதேழ்தா குரூப்ஸ்கயாவின் பெயரில் எழுத்தறிவுப் பணிக்காக வழங்கப்பட்ட விருது அது.

விருது வந்த இரண்டே ஆண்டில், 1977-இல், சங்கத்தின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள் செயலாளராக இருந்த பணிக்கர் வெளியே வந்தார். மனம் ஒடிந்து உட்காரவில்லை. அதே ஆண்டில் கான்ஃபெட் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட முறைசாராக் கல்வி அமைப்பைத் தொடங்கினார். 1978 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டத்தை அறிவித்தபோது கேரளத்தில் அதைக் கையில் எடுக்க ஓர் அமைப்பு தயாராக இருந்தது. நூலகங்களுக்கோ 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் மீண்டும் தேர்தல்வழி நிர்வாகம் கிடைத்தது. உள்ளாட்சிகள் கட்டட வரியோடு வசூலிக்கும் நூலகத் தீர்வை, அந்தச் சட்டப்படி அமைந்த மாநில நூலக மன்றத்தின் முக்கிய வருமானம். மலபார் மட்டும் அதுவரை 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் கீழேயே இருந்துவந்தது.

எர்ணாகுளம், 1989

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988 மே மாதம் தொடங்கியது. தேர்ச்சி எது என்பதற்கு அது ஒரு வரையறை வைத்தது. எளிய பத்தியை நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் உரக்கப் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஏழு சொல் பார்த்து எழுத வேண்டும். நூறு வரை எண்களும் மூன்றிலக்கக் கூட்டல் கழித்தலும் தெரிய வேண்டும். கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்ற பழைய கணக்கு இதில் செல்லாது.

கோட்டயம் நகரம் 1989 ஜூனில் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு நகரமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் முறையை வகுத்துக் கொடுத்தது எர்ணாகுளம் மாவட்டம். 1989 ஜனவரி 26 அன்று அங்கே இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் கே. ஆர். ராஜனின் நிர்வாகமும், 1962 முதல் அறிவியலை ஊருக்குள் கொண்டுபோன கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் ஆள்பலமும் சேர்ந்தன. முதலில் கலைப்பயணங்கள், வீதி நாடகமும் பாட்டுமாக ஊரைக் கிளப்பினார்கள். பிறகு வீடு வீடாகக் கணக்கெடுப்பு. அதன் பிறகே வகுப்பு. ஏறக்குறைய 20,000 தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், அவர்களிலும் கல்லூரி வயதுப் பெண்கள், ஆளுக்குப் பத்துப் பேர் அளவில் பொறுப்பேற்றார்கள். வாசகசாலை உள்ள ஊரில் வகுப்பு அங்கே. இல்லாத ஊரில் வீட்டுத் திண்ணை, மாட்டுக் கொட்டகை, கடற்கரை.

நடைமுறைச் சிக்கல்கள் பாடத்திட்டம் எழுதியவர்கள் எதிர்பாராத இடத்தில் முளைத்தன. படிக்க வந்த முதியவர்களில் பலருக்கு எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை. மந்தபுத்தி என்று எண்ணிக்கொண்டிருந்தது வெள்ளெழுத்து. கண் பரிசோதனை முகாம்கள் நடத்திப் பல்லாயிரக்கணக்கில் மூக்குக்கண்ணாடி திரட்டிக் கொடுத்த பிறகே பாடம் நகர்ந்தது. இந்த இயக்கத்தில் எனக்கு மிகவும் மதிப்பாகப் படுவது இந்தக் கண்ணாடிதான். ஆசிரியர் மாணவரின் வீட்டு வாசலுக்கே போனதால்தான் குறை புத்தியில் இல்லை, கண்ணில் என்பது தெரிந்தது.

1990 பிப்ரவரி 4 அன்று பிரதமர் வி. பி. சிங், எர்ணாகுளத்தை நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவித்தார். அதே முறை 'அட்சர கேரளம்' என்ற பெயரில் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில், மலப்புறம் மாவட்டத்தில் புதிதாக எழுத்துக் கற்ற செலக்கோடன் ஆயிஷா மேடையேறி மாநிலத்தின் முழு எழுத்தறிவை அறிவித்தார். முதலமைச்சர் ஈ. கே. நாயனார் அருகில் இருந்தும் அந்த வாய்ப்பு ஆயிஷாவுக்குப் போனது. முழு எழுத்தறிவு என்றால் நூற்றுக்கு நூறு அன்று. 90 விழுக்காட்டை எட்டினால் போதும் என்பது அளவுகோல். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் கேரளத்தின் எழுத்தறிவு 89.8 விழுக்காடு, நாட்டின் சராசரி 52.2.

எர்ணாகுள முறை எல்லை தாண்டித் தமிழகத்துக்கும் வந்தது. புதுக்கோட்டையில் 1991-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அங்கே வாசகசாலைகளின் பின்புலம் கேரளத்து அளவுக்கு இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தொண்டர்களும் ஊர்ப் பெண்களும் அந்த இடத்தை நிரப்பினார்கள்.

அறிவிப்புக்குப் பிறகு

விழா முடிந்ததும் தளர்ச்சி வந்தது. கற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு எழுத்து மறந்துபோனது. தினமும் படிக்க ஒன்றுமில்லாதவருக்கு மறக்காமல் என்ன செய்யும்? தொடர்கல்வி மையங்கள் இதற்காகவே ஏற்பட்டன. 1998-இல் அமைந்த மாநில எழுத்தறிவு இயக்க ஆணையம் நான்காம், ஏழாம், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இணையான தேர்வுகளை நடத்துகிறது. மையத்தைக் கவனிப்பவர் 'பிரேரக்'. தன்னார்வத்துக்கும் வேலைக்கும் நடுவே நிற்கும் பதவி இது. பொறுப்பு முழுநேரம், மதிப்பூதியம் சொற்பம். தலைமைச் செயலகத்தின் முன் அவர்கள் நெடுநாள் போராட்டம் நடத்தியதுண்டு. மக்கள் சேவை என்று புகழ்ந்தே குறைந்த கூலியில் வேலை வாங்கும் பழக்கம் இந்த இயக்கத்தின் மீது வைக்கத்தக்க நியாயமான குற்றச்சாட்டு.

2018-இல் ஆலப்புழை மாவட்டத்தின் கார்த்தியாயினி அம்மா, 96 வயதில், 'அட்சர லட்சம்' தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கி நாடறிந்தவரானார். மறு ஆண்டு கொல்லத்தின் பகீரதி அம்மா 105 வயதில் நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வு எழுதினார். இருவருக்கும் நாரி சக்தி விருது கிடைத்தது. செய்தித்தாள்கள் வயதைக் கொண்டாடின. அவர்கள் சிறுமியராக இருந்தபோது ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்பதைக் குறைவாகவே எழுதின.

மீனவர்களுக்கு 'அட்சர சாகரம்', திருநர்களுக்கு 'சமன்வயா' எனத் தனித் திட்டங்கள் பிற்காலத்தில் வந்தன. 2017-இல் பெரும்பாவூரில் தொடங்கிய 'சங்ஙாதி', ஒட்டுப்பலகை ஆலைகளிலும் கட்டுமானத்திலும் வேலை செய்யும் வங்காள, அசாம், ஒடிய, இந்தித் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்கிறது. பாடநூலின் பெயரே 'ஹமாரி மலையாளம்'. திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி 2022-இல் தன் மக்கள் அனைவருக்கும் கைபேசி, இணையப் பயன்பாடு கற்பித்ததை முன்மாதிரியாக்கி, மாநிலமே 2025 ஆகஸ்டில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவித்துக்கொண்டது. கணக்கெடுக்கவும் கற்றுக்கொடுக்கவும் அதற்கும் தன்னார்வலர்களே வீடு வீடாகப் போனார்கள்.

பணிக்கர் இறந்த நாளான ஜூன் 19, கேரளத்தில் 1996 முதல் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. மாநில நூலக மன்றத்தில் இப்போது எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இணைந்திருக்கின்றன. தரம் பிரித்து, தரத்துக்கு ஏற்ப மானியம் தருகிறது மன்றம். தேர்தல் வந்தால் அவற்றின் நிர்வாகக் குழுக்களுக்குக் கட்சிகள் போட்டியிடும் வேகம், அந்தச் சிறு கட்டடங்களுக்கு ஊரில் இன்னும் மதிப்பு இருப்பதைக் காட்டுகிறது.