தொண்ணூற்றொன்பது கேம்கள்

மட்டை பிடித்த மெட்ராஸ் – 14

சென்ற வாரம் கல்கத்தா சவுத் கிளப்பின் புல்தரையில், ஆளுக்கொரு வெற்றி என்ற நிலையில் இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். 1974, மே மாதம். டேவிஸ் கோப்பையின் கிழக்கு மண்டல இறுதி.

முன்கதை இவ்வளவுதான். ஆஸ்திரேலியா முந்தைய ஆண்டின் சாம்பியன். ராட் லேவரும் ஜான் நியூகோம்பும் இந்த முறை வரவில்லை. ஆனால் ஜான் அலெக்சாண்டர் வந்திருந்தார். கூடவே, அந்தக் காலத்தின் மிக வேகமான சர்வ்களில் ஒன்றை வைத்திருந்த காலின் டிப்ளி. முதல் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களில் ஜஸ்ஜித் சிங், பாப் கில்டினனை 11-9, 9-11, 12-10, 8-6 என்று வீழ்த்தினார். விஜய் அமிர்தராஜ் அலெக்சாண்டரிடம் 12-14, 15-17, 8-6, 2-6 என்று தோற்றார்.

எண்கள் அச்சுப்பிழை இல்லை. விம்பிள்டனில் 1971-லேயே டை-பிரேக்கர் வந்துவிட்டது. டேவிஸ் கோப்பைக்கு அது வந்தது 1989-ல். அதுவரை ஆறுக்கு ஆறு என்றானால், யாராவது ஒருவர் இரண்டு கேம் முந்தும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். புல்தரையில் நல்ல சர்வீஸை முறியடிப்பது லேசில் நடக்காது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இனி இரட்டையர். அலெக்சாண்டர், டிப்ளி ஒரு பக்கம். மறுபக்கம் மெட்ராஸ் சகோதரர்கள்: 22 வயது ஆனந்த், 20 வயது விஜய்.

முதல் செட்டை 17-15 என்று சகோதரர்கள் எடுத்தார்கள். ஒரு செட்டுக்கே 32 கேம்கள். நால்வரும் தலைக்கு எட்டு முறை சர்வ் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது செட் 6-8 என்று போனது. மூன்றாவது 6-3, கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. நான்காவதை எடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. எட்டுக்கு எட்டு, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, பதினாறுக்குப் பதினாறு என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் 16-18 என்று ஆஸ்திரேலியாவின் கைக்குப் போய்விட்டது. மே மாதக் கல்கத்தாவில் 89 கேம்கள் ஆடியாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இந்தியா வென்றவை 45, ஆஸ்திரேலியா வென்றவை 44. இனி எல்லாம் ஐந்தாவது செட்டில்.

இங்கே நிறுத்திவிட்டு நுங்கம்பாக்கத்துக்கு வருவோம். திட்டாதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்பா ராபர்ட் ரயில்வேயில் வேலை. அம்மா மேகி அட்டைப்பெட்டித் தொழில் நடத்தியவர். மூன்று பிள்ளைகள்: ஆனந்த், விஜய், அசோக். நடுப்பிள்ளைக்குச் சின்ன வயதில் நுரையீரல் கோளாறு. பள்ளியில் இருந்த நாட்களைவிட மருத்துவமனையில் படுத்திருந்த நாட்கள் அதிகமோ என்னும்படியான பையன். உடம்பு தேற வேண்டும், திறந்தவெளியில் ஓட வேண்டும் என்றுதான் அவன் கையில் மட்டையைக் கொடுத்தார் மேகி. எழும்பூர் டான் பாஸ்கோ பள்ளி, பிறகு லயோலா கல்லூரி. லயோலாவுக்கும் டென்னிசுக்கும் உறவு பழையது. கல்லூரி மாணவர்களுக்கான பெர்ட்ரம் போட்டியில் சிறப்பு அனுமதியோடு ஒரு பள்ளிச் சிறுவன் ஆடி, 1951-ல் கோப்பையைத் தூக்கிப்போன இடம் அது. அந்தச் சிறுவன் ராமநாதன் கிருஷ்ணன்.

கிருஷ்ணனை இழுத்ததற்கும் காரணம் இருக்கிறது. 1966 டேவிஸ் கோப்பை இறுதியில், மெல்போர்ன் கூயோங்கில் இந்தியா 4-1 என்று தோற்றது. கிடைத்த அந்த ஒரே வெற்றி இரட்டையரில். கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும், முந்தைய ஆண்டு விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற நியூகோம்ப்-டோனி ரோச் ஜோடியைச் சாய்த்தார்கள். ஐந்து ஆட்டங்களில் நடுவில் வருவது இரட்டையர். ஆளுக்கொன்று என்று நிற்கும்போது தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது அங்கேதான் தெரியும். ஆனாலும் நம் ஞாபகத்தில் நிற்பவர்கள் ஒற்றையர் ஆடுகிறவர்கள்தான். விஜயை எல்லோருக்கும் தெரியும். 1973-ல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் காலிறுதி வரை போனவர், பின்னாளில் ஜேம்ஸ் பாண்ட் படத்திலும் வந்தவர். ஆனந்தைப் பற்றிக் கேட்டால் 'விஜயோட அண்ணன்' என்பார்கள். கல்கத்தாவின் இந்த ஆட்டத்தில் பாதி அவருடையது என்பது என் கட்சி.

சரி, ஐந்தாவது செட். 6-4, இந்தியாவுக்கு. மொத்தம் 99 கேம்கள், அதில் 51 நமக்கு, 48 அவர்களுக்கு. மெட்ராஸில் தொலைக்காட்சி நிலையம் வந்தது 1975 ஆகஸ்டில்தான். மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாறிலோ வீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்க வழியே இல்லை. பேப்பரில் எண்களைப் படித்துவிட்டு இன்னொரு முறை படித்திருப்பார்கள்.

முடிந்தது என்று நினைத்தால் அலெக்சாண்டர் விடவில்லை. ஜஸ்ஜித்தை 8-6, 6-4, 6-3 என்று மடக்கினார். இரண்டுக்கு இரண்டு. கடைசி ஆட்டம் விஜய்க்கும் கில்டினனுக்கும். விஜயின் கால்களில் ஏற்கெனவே 179 கேம்கள். கில்டினனின் கால்களில் 76 மட்டும். முதல் செட்டை 6-1 என்று சுருட்டிய விஜய், இரண்டாவதை 5-7 என்று விட்டார். வயிறு கலங்கியிருக்கும் அந்த நேரத்தில். பிறகு 6-4, 6-4.

ஐந்து ஆட்டங்களில் 327 கேம்கள். டேவிஸ் கோப்பை வரலாற்றில் ஒரே மோதலில் ஆடப்பட்ட அதிகபட்சம் அதுதான். டை-பிரேக்கர் வந்தபிறகு இதை யாரும் தொடப்போவதில்லை.

அரையிறுதியில் சோவியத் யூனியன். பூனாவில் இந்தியா 3-1 என்று ஜெயித்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் இந்தியா மீண்டும் இறுதியில்! அதுவரை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்ற நான்கு நாடுகளைத் தவிர வேறு யாரும் தொடாத கோப்பை, ஒரே ஒரு மோதல் தூரத்தில்.

இன்னொரு அரையிறுதியில் இத்தாலியை வென்று வந்திருந்த நாடு தென்னாப்பிரிக்கா. நிறவெறிச் சட்டங்களின் தென்னாப்பிரிக்கா. அதனுடன் இந்தியா 1946-லேயே வணிக உறவை முறித்திருந்தது. ஆடுவதா, விடுவதா?

வீட்டில் எழுபதைத் தாண்டிய டென்னிஸ் பிரியர் யாராவது இருந்தால், அடுத்த இதழ் வருவதற்குள் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டு வையுங்கள்.

(தொடரும்)