மா (சொல்)

'''மா''' என்பது பல பொருள் தரும் ஓரெழுத்து ஒருமொழி ஆகும். விலங்கு, குதிரை, மாமரம், தானியப் பொடி, பெருமை, திருமகள் என்பன அவற்றுட் சில.

== நில அளவு ==
பட்டுக்கோட்டை உள்ளிட்ட காவிரிப் படுகையில் வயற்பரப்பை மா கணக்கில் கூறுவர்.
* 100 குழி = 1 மா (சுமார் 33 சென்ட்)
* 20 மா = 1 வேலி

== பின்னம் ==
கீழ்வாய் எண்களில் மா என்பது 1/20. ஒரு மா நிலம் வேலியில் இருபதில் ஒரு பங்காக அமைவது இதனுடன் பொருந்தும். மாவும் காணியும் (1/80) சேர்ந்தது மாகாணி (1/16).

== பொருள் அறிதல் ==
பழைய கல்வெட்டுகளிலும் ஆவணங்களிலும் அலகு முன்னும் எண் பின்னும் வருவதுண்டு. "அரைமா" என்பது வேலியை அடுத்து வந்தால் 50 குழி. குழியை அடுத்து வந்தால் ஒரு குழியில் 1/40 பங்கு மட்டுமே. எனவே, முன்னுள்ள அலகை நோக்கியே பொருள் கொள்ளவேண்டும்.