தெருவில் தெரிந்த கணக்கு

பிரேசில் நாட்டின் வடகிழக்குக் கரையிலுள்ள ரெசிபே நகரை, 1964 முதல் 1985 வரை அங்கே பேராயராயிருந்த எல்டர் கமராவின் பெயரோடு சேர்த்தே நம்மில் பலர் அறிவோம். அவர் ஓய்வுபெற்ற அதே 1985-இல், அந்நகரத்துச் சிறுவர் ஐவரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் தெரெசின்யா கராயெர், டேவிட் கராயெர், அனலூசியா ஷ்லீமன் என்னும் உளவியலார் மூவர்.

ஐவரும் 9 முதல் 15 வயதிற்குட்பட்ட ஏழைப் பிள்ளைகள். தெருவில் பொருள் விற்றவர்கள். ஆய்வாளர்கள் முதலில் வாடிக்கையாளராகவே அவர்களிடம் சென்றனர். தேங்காய் விற்ற 12 வயதுச் சிறுவனிடம், ஒன்று 35 குருசெய்ரோ எனில் நான்கின் விலை என்ன என்று கேட்டனர். மூன்று காய்க்கு 105 என்பது அவனுக்கு மனப்பாடம். அதனோடு முப்பதைக் கூட்டினான், பின் ஐந்தைக் கூட்டினான், 140 என்றான்.

பின்னொரு நாள் அதே கணக்கு தாளில் தரப்பட்டது. நாலைந்து இருபது என்று சுழியை எழுதி, 2-ஐ மேலே ஏற்றினான். பெருக்கிய பிறகு கூட்ட வேண்டிய அந்த இரண்டை முன்னதாகவே மூன்றோடு கூட்டி ஐந்தாக்கி, மறுபடி நான்கால் பெருக்கினான். விடை 200! சந்தையில் அவ்விலை சொல்லியிருந்தால் அவனே சிரித்திருப்பான்.

இது ஒருவனுக்கு நேர்ந்த தடுமாற்றமன்று. ஐவரும் தெருவில் நூற்றுக்கு 98 விடைகளைச் சரியாகச் சொன்னார்கள். கதைபோல் அமைந்த கணக்குகளில் அது 74 ஆயிற்று. வெறும் எண்களாகத் தந்தபோது 37-க்கு இறங்கியது.

தெருவில் எண் என்பது காயும் காசுமாக இருந்தது. தெரிந்த தொகையிலிருந்து தெரியாததற்குப் படிப்படியாக ஏறினார்கள். தாளிலோ, பொருள் விளங்காத விதியொன்றை நினைவிலிருந்து மீட்க முயன்றார்கள். பத்துக் காய்க்கு விலை கேட்டபோதுகூட அச்சிறுவன் பள்ளியில் கற்ற சுழியைச் சேர்க்கவில்லை. 105, 210, 315 என்று மும்மூன்றாக எண்ணியே 350-ஐ அடைந்தான். சுற்றுவழிதான், ஆயினும் அவன் அறிந்த வழி.

இத்தகைய பிள்ளைகளுக்கு அறிவு வளர்ச்சி குறைவு என்று கூறும் கொள்கைகள் அக்காலத்துக் கல்வியாளரிடையே இருந்தன. குறை பிள்ளையிடமா, கேட்ட முறையிலா என்பதே மூவரும் எழுப்பிய கேள்வி. 1988-இல் அவர்கள் இதை நூலாக்கியபோது, ‘வாழ்வில் பத்து, பள்ளியில் சுழி’ என்று பொருள்படும் தலைப்பையே சூட்டினார்கள்.