ஆர்.ஓ. மெஷினுக்குள் இருக்கும் ஒரு பெயர்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஆர்.ஓ. மெஷினோ கேன் தண்ணீரோ இல்லாத வீடு இன்று குறைவு. அதன் தொடக்கத்தில் ஓர் இந்தியர் இருக்கிறார். 1923-ல் பிறந்த சீனிவாச சௌரிராஜன்.

சவ்வூடு பரவல் பாடத்துக்கு உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? தண்ணீர் தானாக உள்ளே போய்த் திராட்சை உப்பும். உப்புக்கரைசல் பக்கம் போதிய அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் எதிர்த்திசையில் வரும். அதுதான் எதிர் சவ்வூடு பரவல். கடல்நீருக்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல 27 மடங்குக்கு மேல் வேண்டும்.

கொள்கை தெரிந்ததுதான். தடை, சவ்வு. செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பாலிமர் படலம் உப்பைத் தடுக்கும் என்று 1950-களில் ஃப்ளோரிடாவில் ரீடும் பிரெட்டனும் காட்டினார்கள். ஆனால் தண்ணீர் கசிந்தது சொட்டுச் சொட்டாக. எதற்கும் உதவாத வேகம்.

அப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சாமுவேல் யூஸ்டரின் வழிகாட்டுதலில் இதே ஆராய்ச்சி நடந்தது. சௌரிராஜனும் சிட்னி லோபும் சேர்ந்து உழைத்தார்கள். கடையில் கிடைத்த படலத்தை வெந்நீரில் பதப்படுத்திப் பார்த்தார்கள். ஒருநாள் உப்பு நின்றது, இன்னொரு நாள் நிற்கவில்லை. காரணத்தைத் தேடியபோது புரிந்தது: படலத்தின் இரு முகங்களும் ஒன்றல்ல. எந்த முகம் உப்புநீரைப் பார்க்கிறது என்பதில்தான் விஷயம். அதைப் பிடித்துக்கொண்டு, மேலே மிக மெல்லிய தோல், கீழே துளைகள் நிறைந்த தாங்கி என்று தாங்களே சவ்வு வார்த்தார்கள். தண்ணீர் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் வந்தது. 1960-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1964-ல் கிடைத்தது. 1965-ல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊர் இந்த முறையில் குடிநீர் பெற்றது.

சௌரிராஜன் 1961-ல் கனடா சென்றார். ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும், பின்பு ஒட்டாவா பல்கலைக்கழகத்திலும் பிரித்தெடுக்கும் அறிவியலிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். 'ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ்' என்ற அவரது நூல் 1970-ல் வந்தது. 2022-ல், 98 வயதில் மறைந்தார். அப்போது நம்மூரில் எத்தனை பேருக்கு அது செய்தியாக இருந்தது?

2010-ல் தொடங்கிய மீஞ்சூர் ஆலை கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் திறன் கொண்டது. அதற்கும் இதே அடிப்படைதான்.

ஆசிரியராக ஒன்று சொல்லி முடிக்கிறேன். வீட்டு மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர, பெரும்பாலும் இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. நம் பகுதி போர் தண்ணீருக்கு அது பெரிய செலவு. டி.டி.எஸ். அளவைப் பாருங்கள். 500-க்குள் இருந்தால், உப்பை நீக்குவதற்கென்று ஆர்.ஓ. தேவையில்லை. தேவைப்படும் வீட்டில் கழிவுநீரை வாளியில் பிடித்து வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சௌரிராஜன் பெயரையும் சொல்லுங்கள்.

நலமுடன் இருங்கள்.