கோவாவில் விளையாத கோவாப் பொடி

19ஆம் நூற்றாண்டில் பம்பாயில் படர்தாமரைக்குப் பெயர்பெற்ற மருந்தாக விற்கப்பட்டது கோவாப் பொடி. புதிதாக இருக்கையில் இளமஞ்சள், காற்றுப்பட்டால் பழுப்பேறும். காடியிலோ எலுமிச்சைச் சாற்றிலோ குழைத்துத் தடவுவர். தோலிலும் துணியிலும் கறை படியும். கண்ணில் பட்டால் கண் சிவந்து வீங்கும். அது எதிலிருந்து கிடைக்கிறது என்பதை ஆங்கிலேய மருத்துவர்கள் நெடுங்காலம் அறிந்திருக்கவில்லை.

1874இல், கல்கத்தாவில் பல்லாண்டு பணியாற்றிய ஜோசப் ஃபேரர் இப்பொடியின் பயனைப் பற்றி எழுதினார். அதைக் கண்ணுற்ற பிரேசிலின் பஹியா மருத்துவர் சில்வா லிமா, அது தம் நாட்டில் 'அராரோபா' என வழங்கும் பொடியே என்று விளக்கினார். பஹியாக் காடுகளில் வளரும் பெருமரமொன்றின் அடிமர வெடிப்புகளில் சேர்வது அது. மரத்தைப் பிளந்து சுரண்டுவோரின் முகமும் கண்ணும் எரியும். போர்த்துகீசியர் வணிகத்தின் வழியே அது கோவாவில் வந்திறங்கியது; விளைந்த காட்டின் பெயர் மறைய, இறங்கிய துறையின் பெயர் நிலைத்தது.

இந்திய மரபில் இந்நோய்க்குத் தனி வரலாறு உண்டு. வடமொழியில் 'தத்ரு', இந்தியின் 'தாத்' அதன் வழிவந்தது. சரகர் அதைச் சிறு குட்டங்களிலும் சுஸ்ருதர் பெருங்குட்டங்களிலும் வைத்தமை தனியே ஆராயத்தக்கது. மருந்து, தகரை விதை. அச்செடிக்குச் 'சக்ரமர்தம்', அதாவது வட்டத்தை நசுக்குவது, என்று பெயர். நோயின் உருவமே பெயராகியிருக்கிறது. 'தத்ருக்னம்', தத்ருவை அழிப்பது, என்பது அதன் மற்றொரு பெயர்.

சிக்கல் இங்கேதான். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து பிற்காலத்தில் வந்த சீமையகத்திக்கும் 'தத்ருக்னம்' என்ற பெயர் சூட்டப்பட்டது. இன்று சிலர் பழைய நூலில் அச்சொல்லைக் கண்டதும் சீமையகத்தியையே நினைத்து, அதன் பயன்பாட்டை ஈராயிரம் ஆண்டு பின்னுக்குத் தள்ளிவிடுகின்றனர். தமிழ்ப் பெயரின் 'சீமை' என்னும் அடையோ அதன் அயன்மையை ஒளிக்கவில்லை. மலையாளத்தின் 'ஆனத்தகர' வேறு வழியில் நேர்மையானது: தெரிந்த தகரையை வைத்துப் புதியதை அளக்கிறது.

வேதியியல் இம்மூன்றையும் நெருங்கச் செய்கிறது. தகரை விதையிலும் சீமையகத்தி இலையிலும் கிரிசோஃபானிக் அமிலம் உண்டு. கோவாப் பொடியில் இருப்பதும் அதுவே எனக் கருதப்பட்டது. 1878இல் லீபர்மனும் சைட்லரும் அதில் பெரும்பகுதி வேறொன்று எனக் காட்டி, அதைக் கிரிசாரோபின் என்றனர். முதல் உலகப் போரில் அராரோபா வரத்துக் குன்றவே, 1916இல் ஜெர்மனியில் செயற்கை மாற்று உருவானது. டித்ரனால் என்னும் பெயரில் அது சொரியாசிஸ் மருத்துவத்தில் இன்றும் இருக்கிறது.