“காப்பியா, டீயா?” என்று கேட்கும் வரலாறு

துவாக்குடியில் 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரி (இன்றைய என்.ஐ.டி.) வந்தது. அடுத்த ஆண்டு பக்கத்திலேயே பெல் ஆலை. அன்று 22 வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று 80 தாண்டியிருக்கும். பிள்ளைகள் வெளியூரில் அல்லது வெளிநாட்டில். ஆகவே மறதி நோயும் முதியோர் இல்லமும் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

இந்த நோயின் வரலாறு 1901-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் தொடங்குகிறது. அகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் அலாய்ஸ் அல்சைமர் கேள்விகள் கேட்டு, பதில்களை எழுதிவைத்தார். எது மறந்துபோயிற்று என்பதே அன்றைய கேள்வி. எது பிடிக்கும் என்ற கேள்வி வர வெகுகாலம் ஆனது.

1997-ல் இங்கிலாந்தின் டாம் கிட்வுட், நோய்க்கு முன்னால் மனிதரைப் பாருங்கள் என்று புத்தகமே எழுதினார். 2010 அக்டோபர் முதல் அமெரிக்க நர்சிங் ஹோம்களில் இது நடைமுறை விதியானது. எந்த உடை, எப்படிக் குளியல், எப்போது தூக்கம், என்ன பாட்டு என்று முதலில் முதியவரிடமே கேட்க வேண்டும். அவரால் முடியாவிட்டால்தான் குடும்பத்தாரிடம். அதுவும் இல்லையென்றால் ஊழியர்கள் கவனித்துக் குறிக்க வேண்டும்.

நம் நாட்டில் 1992-ல் கேரளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் அல்சைமர் சங்கத்தைத் தொடங்கினார். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையைத் தந்தது. உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய முன் விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் ஏற்றது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி கையெழுத்து போதும்.

ஆனால் வெந்நீரா பச்சைத் தண்ணீரா, மோர் சாதமா ரசம் சாதமா என்பதை எந்த ஆவணமும் கேட்பதில்லை. முப்பது வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவர் நடுஇரவில் எழுந்து உட்கார்ந்தால், காரணம் தெரியாதவருக்கு அது தொந்தரவு. தெரிந்தவருக்கு அது பழக்கம்.

எனவே ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவர்களிடம் நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதிவையுங்கள்: எழும் நேரம், காப்பியில் சர்க்கரை, பிடித்த பாட்டு, கும்பிடும் சாமி, எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், எதற்குப் பயம். தேதி போட்டு, ஆண்டுக்கொருமுறை திருத்துங்கள். நாளை பார்த்துக்கொள்ள வருபவர் யாராக இருந்தாலும், அந்தத் தாள் அவர்களுக்காகப் பேசும்.