எரிமலைக் கண்ணாடி நம் ஊரில் கிடைக்குமா? கல் சேகரிப்போர் அறிய வேண்டியவை

கருப்பாக மின்னும் ‘ஒப்சிடியன்’ கற்கள் இப்போது மாலையாகவும் கைச்சங்கிலியாகவும் விற்பனைக்கு வருகின்றன. ஆற்றோரத்திலும் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் ஓரத்திலும் பளபளக்கும் கல்லைக் கண்டால், அதுவும் எரிமலைக் கல்லாக இருக்குமோ என்ற ஆவல் எழுவது இயல்பு. கோல சிலாங்கூரிலும் உலு சிலாங்கூர் தோட்டப்புறங்களிலும் அப்படி ஒன்று கிடைக்குமா?

ஒப்சிடியன் என்பது என்ன?

சிலிக்கா மிகுந்த எரிமலைக் குழம்பு, படிகங்கள் உருவாக நேரமில்லாமல் விரைவாகக் குளிர்ந்தால் கண்ணாடியாக உறைகிறது. அதுவே ஒப்சிடியன். பெரும்பாலும் கருப்பு நிறத்தில் இருக்கும். இரும்பு ஆக்சைடு கலந்தால் செம்பழுப்பாகும். நுண்ணிய கனிம அடுக்குகள் இருந்தால் வானவில் நிறங்கள் தெரியும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள கிளாஸ் பட்ஸ் குன்றுகள் இதற்குப் பெயர்பெற்றவை. அங்குள்ள பொது நிலத்தில், சொந்தத் தேவைக்காகக் குறிப்பிட்ட அளவு கல் சேகரிக்க அனுமதி உண்டு.

சிலாங்கூரில் ஏன் இல்லை?

கோல சிலாங்கூர் சமவெளியின் பெரும்பகுதி ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த வண்டல். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல். கருங்கல்லும் ஒப்சிடியனும் ஏறக்குறைய ஒரே கலவைதான். ஒன்று பூமிக்கடியில் மெதுவாகக் குளிர்ந்தது. மற்றது மேலே வந்து சட்டெனக் குளிர்ந்தது. கெர்லிங், உலு தாமு வெந்நீர் ஊற்றுகளும் எரிமலையால் உண்டானவை அல்ல. மழைநீர் கருங்கல் பிளவுகள் வழியே ஆழத்திற்குச் சென்று, சூடேறி மேலே வருகிறது.

ஆகவே இப்பகுதியில் கிடைக்கும் பளபளப்பான கல் பெரும்பாலும் குவார்ட்ஸ் அல்லது பழைய புட்டியின் உடைந்த துண்டாகவே இருக்கும். குவார்ட்ஸ் சாதாரணக் கண்ணாடியில் கீறல் போடும். புட்டித் துண்டில் வார்ப்புக் கோடும் காற்றுக் குமிழிகளும் தெரியலாம். பளிச்சென்ற நீலமாகவோ, கண்ணாடிபோல் தெளிந்த பச்சையாகவோ இருந்தால், அது மனிதர் செய்த கண்ணாடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தூசியாக வந்த கண்ணாடி

ஆனால், தீபகற்பத்தில் எரிமலைக் கண்ணாடியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது, அதன் சாம்பல் மலாக்கா நீரிணையைத் தாண்டி இங்கும் கொட்டியது. அச்சாம்பல், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் கண்ணாடிச் சில்லுகளால் ஆனது. பேராக்கின் லெங்கோங்கிலும், அம்பாங், செர்டாங் பகுதிகளிலும் அதன் படிவுகள் பதிவாகியுள்ளன. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்திலும் இதே சாம்பல் உள்ளது.

லெங்கோங்கின் கோத்தா தம்பானில் 1987-இல் பேராசிரியர் சுரைனா மஜிட் குழுவினர் நடத்திய அகழாய்வில், ஆதி மனிதரின் கல்லாயுதப் பட்டறை வெளிப்பட்டது. அங்கிருந்த தோபா சாம்பலைக் கொண்டே பட்டறையின் காலம் கணிக்கப்பட்டது. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

சபாவின் செம்பொர்னா அருகேயுள்ள புக்கிட் தெங்கோராக்கில் ஒப்சிடியன் துண்டுகளே கிடைத்தன. அவற்றில் சில, சுமார் 3,500 கிலோமீட்டர் தொலைவில் பாப்புவா நியூகினியைச் சேர்ந்த நியூ பிரிட்டன் தீவிலிருந்து வந்தவை என ஆய்வில் தெரிந்தது. நகத்தளவு கல், பழங்காலக் கடல்வழித் தொடர்பையே காட்டிக்கொடுத்தது.

இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும், கற்கள் கிடந்த இடத்திலேயே ஆய்வாளர் கைக்கு வந்ததால் சாத்தியமானவை. யாரோ ஒருவர் முன்னரே எடுத்துப்போய் அலமாரியில் வைத்திருந்தால், அவை வெறும் கற்களாகவே இருந்திருக்கும்.

எடுப்பதற்கு முன்

‘யாருக்கும் சொந்தமில்லாத இடம்’ என்று நாம் நினைக்கும் நிலம் பெரும்பாலும் மாநில அரசின் நிலம். அங்கிருந்து அனுமதியின்றிக் கல், மண் எடுத்துச் செல்வது தேசிய நிலச் சட்டப்படி குற்றம். வனக் காப்பகத்தில் வன இலாகாவின் அனுமதி வேண்டும். தோட்டத்தில் தலைமுறையாக வாழ்ந்தாலும், நிலம் நிறுவனத்துடையது. நிர்வாகத்திடம் கேட்பதே முறை.

செதுக்கிய கல், பழைய பானை ஓடு போன்றவை தென்பட்டால் 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்படி பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். கல்லை அசைக்காமல் படம் பிடித்து, இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்வது நல்லது.

பெஸ்தாரி ஜெயா போன்ற பழைய சுரங்கப் பகுதிகளில் உள்ள குட்டைகள் ஓரத்திலேயே திடீரென ஆழமாகும். கரை மண்ணும் சரியும். பிள்ளைகளைத் தனியே அனுப்பக் கூடாது. கல்லை உடைப்பவர்கள் கண்ணாடி அணிவது அவசியம். ஒப்சிடியன், குவார்ட்ஸ் இரண்டின் சில்லுகளும் கத்திபோல் வெட்டும்.

கற்களில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஈப்போவிலுள்ள புவியியல் அருங்காட்சியகமும் லெங்கோங் தொல்லியல் காட்சியகமும் நல்ல தொடக்கம். பள்ளிச் சுற்றுலாவுக்கு இடம் தேடும் தமிழ்ப்பள்ளிகள் இவற்றையும் கருத்தில் கொள்ளலாம்.